லீவில் போனவனுக்குச் சொல்லாத செய்தி

வாசலில் செருப்பு இல்லை. அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில் எங்கள் மாடி வராந்தாவில் எந்த நேரத்தில் ஏறினாலும் செருப்பைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு ரூமுக்கு முன்னாலும் குவியலாகக் கிடக்கும். ரப்பர் செருப்பு, சேஃப்டி ஷூ, யாரோ ஊரிலிருந்து போட்டுக்கொண்டு வந்த புதுச் செருப்பு, அதைத் தவறுதலாகப் போட்டுக்கொண்டு போனவன் விட்டுவிட்டுப் போன பழைய செருப்பு. வெள்ளிக்கிழமை மதியம் என்றால் கேட்கவே வேண்டாம். அமீரகமே சனி, ஞாயிறு லீவுக்கு மாறிய பிறகும் எங்கள் கம்பெனி வெள்ளிக்கிழமை லீவை விடவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. நேரம் மதியம்.

வராந்தா கழுவி விட்டதுபோல் கிடந்தது.

எனக்குப் பின்னால் என் மனைவி கவிதா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் மகள் யாழினி. இருவருக்கும் அதுதான் முதல் விமானம், முதல் வெளிநாடு. ஏர்போர்ட்டிலிருந்து நேராகக் கேம்ப்புக்குத்தான் கூட்டி வந்திருந்தேன். லீவு முடிந்து வருகிறவன் முதலில் ரூமுக்குப் போய், பையைத் தரையில் வைத்துத் திறந்து, அவரவர் வீட்டுப் பார்சலை அவரவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்க வேண்டும். அது எங்கள் வழக்கம்.

"தூங்குறானுக போல" என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினேன். பூட்டவில்லை. திறந்துகொண்டது.

வெறும் இரும்புக் கட்டில்கள். மெத்தை இல்லை, கொடியில் துணி இல்லை, மூலையில் இருந்த ரைஸ் குக்கர் இல்லை. சுவரில் சாமி படங்கள் ஒட்டியிருந்த இடங்களில் டேப் தடம் மட்டும் இருந்தது. இரண்டே கட்டில்களில் மெத்தை சுருட்டிக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று, என்னைப் போலவே லீவில் போயிருந்த தர்மனுடையது. மெத்தைக்கு மேல் அவரவர் வாளி.

"என்னங்க, ரூம் மாத்தி வந்துட்டீங்களா?" என்றாள் கவிதா.

வெளியே வந்து கதவு எண்ணைப் பார்த்தேன். எத்தனை வருடம் படுத்து எழுந்த ரூம், எண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது.

யாழினி உள்ளே போய் "ஓ!" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். எதிரொலித்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. இன்னொரு முறை கத்தினாள். பிறகு என்னிடம் ஓடிவந்து, "அப்பா, நீ சொன்ன மாமாங்கல்லாம் எங்க?" என்று கேட்டாள்.



கூட்டம் உள்ள ஊர்

ஷார்ஜாவில் ரோலாவிலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் ஏறி, நகரம் முடிந்து, மணல் முடிந்து, மலை தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கினால் எங்கள் ஊர். இந்தத் தொடரில் அதற்கு நான் பெயர் போட்டதில்லை, இப்போதும் போடப் போவதில்லை. ஷெட்டுகளால் ஆன ஊர் அது. பிளாஸ்டிக் பைப் போடும் எங்கள் ஷெட், கேபிள் ஷெட், பெயின்ட் ஷெட், அட்டைப்பெட்டி ஷெட். நான் வந்த புதிதில் ரெடிமேட் சட்டை தைக்கும் ஷெட் ஒன்றும் இருந்தது.

துபாயைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எங்கள் ஊரைப் பார்த்தால் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். அங்கே கட்டடத்தைப் பார்க்க வேண்டும், இங்கே மனிதனைப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரவுண்டானா புல்தரையில் உட்கார இடம் கிடைக்காது. ஒரு பக்கம் ஆந்திராக்காரர்கள், ஒரு பக்கம் நேபாளிகள், எதிரே பஞ்சாபிகள், நடுவில் நாங்கள். சலூனில் முடி வெட்டப் போனால் சாயங்கால டீ நேரம் போய்விடும். ஹம்சக்கா என்று நாங்கள் கூப்பிடும் மலையாளி அண்ணனின் கடையில் குபூஸ் ரொட்டி வாங்கக்கூட வரிசை.

கவிதாவிடம் இதையெல்லாம் போனில் வருடக்கணக்காக அளந்து விட்டிருந்தேன். ஃபேமிலியைக் கூட்டி வரலாம் என்ற கிரேடுக்கு என்னை ஏற்றி, க்வாலிட்டி சூப்பர்வைசர் ஆக்கியதும், லீவுக்குக் கிளம்பும் முன்பே மெயின் ரோட்டில் ஒரு ஃபிளாட் பிடித்து, விசாவையும் அடித்துவிட்டேன். "தனியா இருப்பமேன்னு பயப்படாத. உனக்கு ஆள் பாத்தே சலிச்சுரும்" என்று சொல்லியிருந்தேன்.

ஒரு அப்பன் தன் பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும் என்பது பெரிய ஆசையா? எங்களுக்குப் பெரிய ஆசைதான். யாழினி என்னை 'போன்ல வர்ற அப்பா' என்றுதான் பால்வாடியில் சொல்லியிருக்கிறாள்.

எல்லாம் நல்லாருக்கு

இங்கே எங்கள் ரூமின் ஒரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். லீவில் போனவனிடம் கெட்ட செய்தி சொல்லக் கூடாது. இதற்கு 'லீவு மரியாதை' என்று பெயரே வைத்திருந்தோம்.

முன்பு எங்களோடு இருந்த ஒருவர் தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எவனோ ஒரு அவசரக்குடுக்கை போன் செய்து, "உங்க செக்‌ஷன்ல ஆளக் குறைக்கப் போறாகளாம்" என்று சொல்லிவிட்டான். மனுஷன் கல்யாணம் முழுக்கச் சாப்பிடவில்லை. வீடியோவில் பார்த்தால் மணமேடைக்குப் பின்னால் இடி விழுந்தவர்போல் நிற்கிறார். திரும்பி வந்து பார்த்தால் வேலை பத்திரமாக இருந்தது. போன லீவு போனதுதான்.

அன்றைக்கு எங்கள் ரூமின் பெரியவரும் சமையல்காரருமான செல்வராசு அண்ணன் தீர்ப்புச் சொன்னார். "ரெண்டு வருஷம் காத்துக் கெடந்து போறான். அந்தக் கொஞ்ச நாளாச்சும் மனுஷன் நிம்மதியா இருந்துட்டு வரட்டும். எவன் கேட்டாலும் ஒரே பதில்தான். எல்லாம் நல்லாருக்கு, நீ பாத்து வா."

அதிலிருந்து அதுவே சட்டம். ரூமில் பைப் உடைந்து மெத்தையெல்லாம் நனைந்தாலும் எல்லாம் நல்லாருக்கு. மெஸ்ஸை மூடினாலும் எல்லாம் நல்லாருக்கு. வந்து இறங்கிய பிறகு டீ ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சொல்வோம். அதில் ஒரு அன்பு இருந்தது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

நான் ஊரில் இருந்தபோது யாழினிக்குக் காது குத்தினோம். அந்த விசேஷத்தில் என்னோடு பாலிடெக்னிக் படித்த நண்பன் ஒருவன் வந்தான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் மேனேஜராக இருக்கிறான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "க்வாலிட்டிக்கு உன்ன மாதிரி ஒரு ஆள்தான் தேடுறோம். வந்துரு. குடும்பத்தோட இருக்கலாம்" என்றான். உண்மையாகத்தான் கேட்டான். மறுவாரமும் போன் செய்தான்.

நான் ரூமுக்கு மெசேஜ் போட்டு, "அங்க நிலவரம் எப்படி?" என்று கேட்டேன்.

செல்வராசு அண்ணன் உடனே பதில் அனுப்பினார். "எல்லாம் நல்லாருக்கு. எனக்கு நெல்லிக்காய் ஊறுகா ஒரு பாட்டில் வாங்கிட்டு வா. காரம் தூக்கலா இருக்கணும்."

ஊறுகாய் கேட்கிற மனுஷன் இருக்கிற ஊருக்கு என்ன கேடு வந்துவிடும்? நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அதே வாரம், அரியலூரில் லீவில் இருந்த தர்மன் நலம் விசாரித்துப் பேசினான். அவனிடமும் பெருமையாக இதை ஒப்பித்தேன்.

"வேணாம்னுட்டீங்களாண்ணே? நல்லா யோசிச்சிங்களா?" என்று கேட்டான்.

"யோசிக்க என்னடா இருக்கு? அங்க ராஜா மாதிரி இருக்கோம்."

"அப்ப அவரு நம்பரக் குடுங்கண்ணே. என் மச்சானுக்குக் கேட்டுப் பாக்கறேன்" என்றான். நம்பரை அனுப்பியதோடு, நண்பனிடம் ஒரு வார்த்தை சிபாரிசும் சொல்லி வைத்தேன்.

ஹம்சக்கா கடையில்

பெட்டிகளை ரூமிலேயே வைத்துவிட்டுக் கீழே இறங்கி ஹம்சக்கா கடைக்கு நடந்தோம். வழியில் சலூன் ஷட்டர் கீழே இறங்கியிருந்தது. மெஸ் இருந்த இடத்தில் டயர் அடுக்கியிருந்தார்கள். ரோட்டில் லாரிகள் மட்டும் குறைவில்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஆள்தான் இல்லை.

கவிதா பூட்டிக் கிடந்த கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். 

மலப்புரத்துக்காரரான ஹம்சக்கா என்னைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். என்னையும் பார்த்தார், கவிதாவையும் பார்த்தார், குழந்தையையும் பார்த்தார்.

"நீங்க ஃபேமிலியக் கூட்டி வந்நோ? அய்யோ, நீங்க அறிஞ்சில்லே?"

"என்ன ஹம்சக்கா? எங்க எல்லாரும்?"

"கம்பெனி யான்புக்குப் போயி! மெஷின் எல்லாம் டிரைலர்ல ஏத்திக் கொண்டு போயி. ஆளுகள்ல கொஞ்சம் பேரு அங்க போயி. பாக்கி எல்லாம் கலாஸ். கணக்கு தீர்த்து நாட்டுக்குப் போயி."

யான்பு, சவூதியில் செங்கடல் ஓரத்தில் இருக்கிறது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் உள்ள துறைமுகம். மூலப்பொருள் அங்கேயே கிடைக்கிறது, பைப்புக்கு ஆர்டரும் அங்கேதான் என்று கம்பெனி அங்கே ஒரு ஷெட் போடுவதாக ரொம்ப நாளாகவே பேச்சு. நாங்கள் அதைக் கூடுதல் ஷெட் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அங்கே புதிதாக வந்த மெஷின், பைப்பைத் தானே வெட்டி, வாய் விரித்து, கட்டுப் போட்டுத் தள்ளிவிடுகிறதாம். எங்கள் ஷிஃப்டில் ஒரு லைனைச் சுற்றி ஒரு கல்யாணக் கூட்டம் நிற்கும். அங்கே ஒருவன் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதுமாம்.

"உங்க கம்பெனி மாத்திரமல்ல" என்றார் ஹம்சக்கா. சட்டை தைக்கிற ஷெட் முன்பே போனது எனக்குத் தெரியும். அட்டைப்பெட்டி ஷெட் நான் லீவில் இருந்தபோது போயிருந்தது. காலியான ஷெட்டையெல்லாம் ஆன்லைன் சாமான் வைக்கிற கிடங்காக மாற்றிவிட்டார்கள். அதற்கு ஆட்களை ஏஜென்சிக்காரன் காலையில் ஷார்ஜாவிலிருந்து பஸ்ஸில் கொண்டு வந்து, சாயங்காலம் திருப்பி ஏற்றிக்கொண்டு போய்விடுகிறான். எங்களோடு இருந்த இளவட்டங்களில் சிலர் துபாயில் பைக்கில் சாப்பாடு கொண்டு கொடுக்கப் போய்விட்டார்கள். ஊருக்கு வேலை வருகிறது, ஆள் தங்குவதில்லை.

"இவிட இப்ப ராத்திரி ஒறங்குற ஆளு இல்ல. பின்ன ஆருக்கு ஞான் குபூஸ் வைக்கும்?" என்று ரொட்டி வைக்கும் இடத்தைக் காட்டினார். முன்பு தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருக்கும் ரொட்டிக் கட்டு, ஒரு சின்னக் கூடையில் அடங்கியிருந்தது. தானும் அல் ஐனில் தம்பி கடைக்குப் போகப்போவதாகச் சொன்னார்.

யாழினிக்கு ஒரு ஜூஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அந்தக் கருணைதான் என்னை உடைத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கடையிலிருந்தே ஹெச்.ஆர். பாய்க்குப் போன் செய்தேன். லீவு நாளிலும் எடுத்தார். "டென்ஷன் நஹி பாய். நேர்ல பேசிக்கலாம்னு இருந்தோம். உங்களுக்கு யான்புல போஸ்ட் ரெடி. ஆனா பேச்சலர் ஸ்டேட்டஸ். ஃபேமிலி மாஃபி, கூட்டிட்டுப் போக முடியாது." போக விருப்பம் இல்லையென்றால், மீதிச் சரக்கு தீரும்வரை இங்கே யார்டைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள்.

ஆக, வேலை வேண்டுமென்றால் பிள்ளை இல்லை. பிள்ளை வேண்டுமென்றால் வேலை இல்லை. அதைத்தான் அவர் அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

காரம் தூக்கலாக

கேம்ப்பிலிருந்து பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஃபிளாட்டுக்கு வந்து சேர்ந்தோம். பூட்டைத் திறந்ததும் செல்வராசு அண்ணனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். உடனே எடுத்தார். பின்னணியில் ஒரு பஸ் ஹாரன், "அறந்தாங்கி, அறந்தாங்கி" என்று கண்டக்டர் கத்தும் சத்தம்.

"எங்கண்ணே இருக்க?"

"வந்துட்டியா?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "நான் ஊருக்கு வந்து மாசமாச்சுடா."

மாசமாச்சு என்றால், என் வீட்டுக்குப் பக்கத்து மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, 'டூட்டி முடிஞ்சு இப்பதான் வந்தேன்' என்று எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறார்.

"ஏண்ணே, ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? பொண்டாட்டி புள்ளயக் கூட்டிட்டு வந்து நிக்கிறேன்!"

"லீவுல இருக்கவன்கிட்ட எப்புடிடா சொல்றது? புள்ளைக்குக் காது குத்திக்கிட்டு இருந்த. நீ சூப்பர்வைசரு, ஒன்னைய வச்சுக்குவாகன்னுதான் எல்லாரும் நெனச்சோம். கையோட குடும்பத்தையும் கூட்டிட்டு வருவன்னு தெரியாதுடா. பிறவு கூட்டிட்டு வருவன்னு நெனச்சேன்."

"அப்ப எதுக்குண்ணே ஊறுகா கேட்ட? ஊர்ல இருந்துக்கிட்டு!"

"கேக்கலன்னா சந்தேகப்பட்டுருவியே" என்றார்.

திட்ட வாயெடுத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. அது சிரிப்பா அழுகையா என்று கவிதா எட்டிப் பார்த்தாள். அவரும் மறுமுனையில் மூக்கை உறிஞ்சினார். வைக்கும் முன், "தர்மன்கிட்ட எதுவும் சொல்லிறாத. பய வீடு கட்டிக்கிட்டு இருக்கான். லீவு முடிஞ்சு வரட்டும்" என்றார். வேலை போன பிறகும் சட்டம் போகவில்லை.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கவிதா புது அடுப்பில் முதல் சாதத்தை வைத்திருந்தாள். என் பெட்டியைத் திறந்து, யார் யாருக்கோ கொண்டுவந்த பாட்டில்களைச் சமையல் மேடையில் அடுக்கியிருந்தாள். நெல்லிக்காய், பூண்டு, மாவடு, ஒருவருக்குப் பருப்புப் பொடி. கேட்டவர்கள் யாரும் இந்த ஊரில் இல்லை.

"அந்த இன்னொரு மெத்தைக்காரரு, அவருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள்.

"தெரியாது. அடுத்த வாரம் வர்றான்."

"இப்பவே சொல்லுங்க."

"லீவுல இருக்கான் கவிதா."

அவள் கரண்டியோடு திரும்பினாள். "நீங்களும் லீவுலதான இருந்தீங்க? யாராவது ஒருத்தரு வாயத் தொறந்திருந்தா, இன்னிக்கு நாம கோயம்புத்தூர்ல வீடு பாத்துக்கிட்டு இருப்போம். அந்த ஆளாவது அங்கயே ஏதாவது பாத்துக்கட்டும். சொல்லுங்க."

அவள் சொன்னது நியாயம். இந்தப் பாழாய்ப்போன மரியாதையை நானே முடித்து வைப்பது என்று போனோடு வெளி வராந்தாவுக்கு வந்தேன். கீழே மசூதியில் மக்ரிப், அந்தி நேரத் தொழுகைக்கான பாங்கு ஆரம்பித்தது. அது முடியட்டும் என்று நின்று, பிறகு கூப்பிட்டேன்.

தர்மன்

"தர்மா, மனச தைரியமா வச்சுக்க. ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"கம்பெனி யான்பு போயிருச்சு. கேம்ப் காலி. நீ டிக்கெட்டக் கேன்சல் பண்ணு. வராத."

அவன் அதிரவில்லை. "தெரியும்ணே" என்றான்.

"எப்படி?"

"திருச்சி பஸ் ஸ்டாண்டுல செல்வராசு அண்ணனப் பாத்தேன்ணே. அவரு என்னப் பாக்கல. டூட்டில இருக்கேன்னு அன்னிக்குக் காலையிலதான் மெசேஜ் போட்டிருந்தாரு. பாவம், போய்ப் பேசுனா சங்கடப்படுவாருன்னு தூணுக்குப் பின்னால நின்னுட்டேன். அப்பறம் யான்பு போனவங்ககிட்ட விசாரிச்சேன். எல்லாத்தையும் சொன்னாங்க."

"இது எப்ப?"

"உங்களுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடிண்ணே." எனக்குப் புரிய ஆரம்பித்தது. அவன் என்னிடம் நலம் விசாரித்ததும், நல்லா யோசிச்சிங்களா என்று கேட்டதும், ராஜா மாதிரி இருக்கோம் என்று நான் அளந்ததும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"தர்மா. அந்தக் கோயம்புத்தூர் நம்பர். உன் மச்சானுக்குக் கெடச்சுதா?"

"மச்சானுக்கு இல்லண்ணே" என்றான். "நான்தான் சேந்திருக்கேன். உங்க ஃப்ரெண்டு நல்ல மனுஷன்ணே. நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் எடுத்தாரு."

என் ஷிஃப்டில் என்னிடம் வேலை பழகியவன். அவனுக்கு அந்த வேலை நன்றாகத் தெரியும் என்று எனக்கே தெரியும்.  

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேடா."

"நீங்க வேணாம்னு சொன்னப்பறம்தான்ணே நம்பர் கேட்டேன். அன்னிக்கு விஷயத்தச் சொல்லணும்னுதான் போன் பண்ணேன். சத்தியமா. பின்னால பாப்பாவோட சிரிப்புச் சத்தம் கேட்டுது. லீவுல இருக்கீங்களேன்னு..."

  போனை யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை.

உள்ளே வந்தேன். கவிதா சாதத்தை வடித்து, நெல்லிக்காய் பாட்டிலைத் திறந்திருந்தாள். யாழினி, காலி வீட்டில் எந்த மூலையில் எதிரொலி நன்றாக வருகிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாரு?" என்றாள் கவிதா.

"எல்லாம் நல்லாருக்காம்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் சாதத்தைப் போட்டு, ஓரத்தில் ஊறுகாயை வைத்து, என் பக்கம் நகர்த்தினாள்.

"சரி" என்றாள். "எப்பத் திரும்புறோம்?"